நாலு பேராகப் போய் வரையலாம்: இடத்துக்கே சென்று ஸ்கெட்ச் போட விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

“ஒருநாள் எல்லோரும் வெளியே போய் வரையலாமா?” என்று கேட்டால் நண்பர்கள் உடனே சரி என்பார்கள். அதன்பிறகு தேதி தள்ளிப்போகும். தேதி கிடைத்தால் இடம் அமையாது. இடமும் அமைந்தால் காவலாளி வந்து எழுப்பிவிடுவார். இப்படிக் கெட்டுப்போன நாட்களில் ஒன்றுகூட யாருக்கோ வரையத் தெரியாததால் கெட்டதாக எனக்கு நினைவில்லை. நிழல், கழிப்பறை, அனுமதி, நேரம் இவற்றில் ஏதோ ஒன்று சொதப்பியிருக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் எப்படி வரைவது என்பதைவிட எப்படிப் போவது என்பதே அதிகம் இருக்கும். ஏற்பாடு சரியாக இருந்தால் சந்தோஷத்தை யாரும் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை.

1. ஆட்களைச் சேருங்கள்

மூன்று பேருக்குக் குறைய வேண்டாம், ஆறு பேருக்கு மேலும் வேண்டாம். இரண்டே பேர் என்றால் ஒருவருக்குத் தலைவலி வந்தாலே திட்டம் முடிந்தது. பத்துப் பேர் என்றால் உட்கார இடம் தேட வேண்டும், ஒவ்வொருவருக்காகவும் காத்திருக்க வேண்டும், போதாததற்கு “என்ன கூட்டம் இது?” என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

எல்லோரும் நன்றாக வரைபவர்களாக இருக்கத் தேவையில்லை. சொல்லப்போனால் கலந்திருப்பதுதான் நல்லது. பல வருடம் வரைந்தவர் கட்டடத்தின் விகிதத்தைச் சட்டென்று பிடித்துவிடுவார். புதிதாக வந்தவரோ, அவர் கண்ணிலேயே படாத தொங்கும் ஒயரையும் ஒரு பக்கம் சாய்ந்த ஜன்னல் கதவையும் வரைந்து வைத்திருப்பார். ஒரே தெருவை இன்னொருவர் இப்படியும் பார்த்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளும் சுகம் தனியாக வரைபவருக்குக் கிடைக்காது. இவ்வளவு ஏற்பாடும் அதற்காகத்தான்.

கிளம்பும் முன்பே ஒரு விதியைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள்: கேட்காமல் யாரும் யாருடைய படத்துக்கும் திருத்தம் சொல்லக்கூடாது. “அந்தக் கோடு கொஞ்சம் சாய்ந்திருக்கிறதே” என்ற ஒரு வாக்கியம் போதும், புதியவர் அடுத்த முறை வரமாட்டார்.

வரைகிற நண்பர்களே இல்லையா? அர்பன் ஸ்கெட்சர்ஸ் அமைப்புக்கு உங்கள் ஊரிலோ பக்கத்து நகரத்திலோ கிளை இருக்கிறதா என்று தேடுங்கள். கேப்ரியல் கம்பனாரியோ என்ற பத்திரிகையாளர் 2007இல் இணையத்தில் தொடங்கிய குழு அது. இன்று பல நாடுகளில் கிளைகள் இருக்கின்றன. கிளைகளின் வழக்கமான சந்திப்புகளுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை, திறமையைச் சோதிப்பதும் இல்லை. புகைப்படத்தைப் பார்க்காமல் இடத்திலேயே நேரில் பார்த்து வரைய வேண்டும் என்பதே அவர்களின் அடிப்படை விதி. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பயிற்சிப் பட்டறைகளுக்கும் பெரிய மாநாடுகளுக்கும் கட்டணம் உண்டு. அறிவிப்பு எதைப் பற்றியது என்று படித்துவிட்டுப் பெயர் கொடுங்கள்.

2. இடத்தை முன்கூட்டியே ஒருமுறை பார்த்துவிடுங்கள்

குழுவில் ஒருவராவது முதலில் தனியாகப் போய்ப் பார்த்துவர வேண்டும். அதே கிழமையில், அதே நேரத்தில் போக வேண்டும் என்பதுதான் முக்கியம். ஞாயிறு காலை காலியாகக் கிடக்கும் சதுக்கத்தில் சனிக்கிழமை சந்தை கூடியிருக்கலாம்.

போனால் பார்க்க வேண்டியவை: உட்கார இடம், நிழல், பக்கத்தில் கழிப்பறை, மழை வந்தால் ஒதுங்க ஒரு கூரை, எல்லோரும் கடைசியில் வந்து சேர ஓர் அடையாளம். இதில் கழிப்பறையைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் இருக்கப்போகிறீர்கள், அதுவும் கையில் தண்ணீர் பாட்டிலோடு.

நிழலைப் பார்க்கும்போது இப்போது இருக்கும் நிழலை நம்பாதீர்கள். சூரியன் வானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 டிகிரி நகர்கிறது. பத்து மணிக்கு நிழலில் இருந்த பெஞ்ச் பதினொன்றரைக்கு வெயிலில் இருக்கும். பொதுவாகக் காலையில் கட்டடத்தின் மேற்குப் பக்கமும் பிற்பகலில் கிழக்குப் பக்கமும் நிழலாக இருக்கும். போனில் உள்ள திசைகாட்டியை வைத்து இதைப் பார்த்துவிடலாம். வெள்ளைத் தாள்மேல் நேர் வெயில் விழுந்தால் கண் கூசும். கறுப்புக் கண்ணாடி போட்டால் வண்ணம் தவறாகத் தெரியும். ஆக, தாளும் நீங்களும் நிழலில், வரையப்போகும் பொருள் வெயிலில். இதற்கு மேல் நல்ல அமைப்பு இல்லை.

புகழ்பெற்ற காட்சிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். பெரிய நினைவுச்சின்னத்தில் கூட்டமும் அதிகம், அலங்கார வேலைப்பாடும் அதிகம். முதல்முறை வருபவர் அரை மணி நேரத்தில் சோர்ந்துவிடுவார். நூலகம், ரயில் நிலையத்தின் வெளிப்புறம், சந்தை, பூங்கா, மீன்பிடித் துறை போன்ற இடங்கள் வசதி. பெரிதாக ஒரு கட்டடம், சின்னதாக ஒரு பொருள், நடமாடும் மனிதர்கள் மூன்றும் ஐந்து நிமிட நடைக்குள் கிடைத்தால் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

3. அனுமதியும் ஆவணங்களும்

அதிகம் சிரமப்படுத்தும் படி இதுதான். பொதுத் தெருவில், நடைபாதையை மறைக்காமல் உட்கார்ந்து வரைவதற்குப் பெரும்பாலான இடங்களில் யாரும் கடிதம் கேட்பதில்லை. ஆனாலும் சில இடங்களை முதலிலேயே பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்: ராணுவக் கட்டடங்கள், எல்லைப் பகுதி, மின் நிலையம், அணை, துறைமுகத்தின் உள்பகுதி, விமான நிலையத்தின் பாதுகாப்புப் பகுதி. நீங்கள் வரைவது வெறும் கோடுதான் என்று அங்கே வாதிட்டுப் பயனில்லை.

அருங்காட்சியகங்களில் பொதுவாகப் பென்சிலுக்கு அனுமதி உண்டு. மை, நீர்வண்ணம், ஈசல் (படத்தை நிறுத்திவைக்கும் தாங்கி) ஆகியவற்றுக்கு இருக்காது. நோட்டின் அளவுக்கும் சில இடங்களில் வரம்பு இருக்கிறது. நிரந்தரக் காட்சிக்கூடத்தில் வரையவிடும் அதே அருங்காட்சியகம், வெளியிலிருந்து இரவல் வாங்கிவைத்த சிறப்புக் கண்காட்சியில் மறுக்கலாம். இணையதளத்தில் ‘பார்வையாளர் விதிகள்’ பகுதியை முழுக்கப் படியுங்கள். அங்கே இல்லாவிட்டால் மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். எப்படியிருந்தாலும் ஆளுக்கொரு பென்சில் பையில் இருக்கட்டும். பேனாவை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டால் அன்றைய நாளைக் காப்பாற்றப்போவது அதுதான்.

வணிக வளாகம், ரயில் நிலையத்தின் உள்ளே, தனியார் தோட்டம், வழிபாட்டுத் தலம், பழைய மாளிகை போன்ற இடங்களுக்குக் குழுவாகப் போவதென்றால் எழுதிக் கேட்டுவிடுங்கள். குறைந்தது மூன்று வாரம் முன்னதாக. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. அதில் இருக்க வேண்டியவை:

தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம். எத்தனை பேர். என்ன பொருட்கள் கொண்டுவருவீர்கள்: மடியில் வைக்கும் சிறு நோட்டு, பென்சில் அல்லது பேனா, மடக்கு ஸ்டூல். எவை இருக்காது: ஈசல், தரையில் விரிக்கும் துணி, தெளிக்கும் வண்ணம், கேமரா ஸ்டாண்ட். நோக்கம் சொந்தப் பயிற்சி, விற்பனை இல்லை. பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் போன் எண்ணும்.

“கேமரா ஸ்டாண்ட் இல்லை” என்று எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல அலுவலகங்களில் ஓவியம் வரைய வருபவர்களுக்கென்று தனிப் படிவம் கிடையாது. ஒரு பழைய மாளிகையின் அலுவலகத்தில் எங்களுக்குப் படப்பிடிப்புக்கான விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டார்கள். அதற்குரிய கட்டணமும் வைப்புத்தொகையும் பென்சிலோடு வந்த நாலு பேர் கட்டக்கூடிய தொகை இல்லை. அப்படி நடந்தால் படிவத்தை நிரப்பாமல் மேலாளரைச் சந்தித்து, ஒரு ஸ்கெட்ச் நோட்டைத் திறந்து காட்டுங்கள். விளக்கத்தைவிட நோட்டு சீக்கிரம் புரியவைக்கும்.

பதில் கிடைத்தால் அதை அச்செடுத்து எல்லோரும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், போனிலும் இருக்கட்டும். “போனில் பேசிவிட்டோம், சரி என்றார்” என்பதை நம்பிப் போகாதீர்கள். சரி சொன்னவருக்கு அன்று விடுமுறையாக இருக்கும். பாதி நேரத்தில் காவலாளி மாறுவார், புதியவருக்கு ஒன்றும் தெரியாது. கடிதத்தில் கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும் தெளிவாக இருந்தால் அங்கேயே முடிந்துவிடும். அடையாள அட்டை ஆளுக்கு ஒன்று. அமைப்பின் பெயரில் அறிவிப்பு வெளியிட்டு ஆள் சேர்க்கிறீர்கள் என்றால் சில நாடுகளில் இட உரிமையாளர்கள் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றும் கேட்பார்கள். நண்பர்களாகப் போகும்வரை அந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

பின்னால் படத்தை விற்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். காப்புரிமைக் காலம் முடியாத புதிய கட்டடங்களின் உருவத்தை வணிகத்துக்குப் பயன்படுத்துவதில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஜெர்மனியில் பொதுச்சாலையிலிருந்து தெரியும் கட்டடத்தின் வெளித்தோற்றத்தை வரைந்து விற்கலாம். பிரான்ஸில் 2016இல் வந்த விதிவிலக்கு வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்தான். நோட்டில் வரைந்து வைத்துக்கொள்பவருக்கு இது கவலை இல்லை.

4. பொருட்கள்: எதற்குச் செலவு, எதற்கு வேண்டாம்

கடைக்குப் போகும் முன் ஒருமுறையாவது இருப்பதைக் கொண்டு போய்வாருங்கள். ஒரு பென்சில் அல்லது பேனா, ஒரு நோட்டு, தாள் பறக்காமல் பிடிக்க இரண்டு கிளிப். இது போதும். சாதாரண பால்பாயிண்ட் பேனா ஒன்றும் மட்டமான கருவி இல்லை. மெதுவாக அழுத்தினால் சாம்பல் நிறம்கூட வரும்.

செலவு செய்வதாக இருந்தால் தாளுக்குச் செய்யுங்கள். நோட்டின் அட்டையில் ஜிஎஸ்எம் என்று ஓர் எண் இருக்கும், தாளின் கனத்தைச் சொல்வது அது. 100 ஜிஎஸ்எம் தாள் பேனாவுக்குப் போதும், தண்ணீர் பட்டால் நெளியும். லேசாக ஒரு வாஷ் (தண்ணீராகக் கரைத்த வண்ணப் பூச்சு) கொடுக்க 200 வேண்டும். தாராளமாக நீர்வண்ணம் பயன்படுத்த 300. தாள் மோசமாக இருந்தால் விலையுயர்ந்த வண்ணமும் திட்டுத்திட்டாகத்தான் படியும், புதியவர் தன் கையைச் சந்தேகிப்பார். நோட்டின் அளவு ஏ5 போதும். பெரிய தாளை நிரப்ப நேரம் பிடிக்கும், நிரம்பாத தாள் மனதை வாட்டும்.

வண்ணத்தில் ஆறு இருந்தால் தாராளம். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் கட்டாயம். இரண்டையும் கலந்தால் வெளிர்சாம்பலிலிருந்து கிட்டத்தட்டக் கறுப்புவரை எல்லாம் வரும். அதனால் கறுப்பு தனியாக வேண்டாம். கூடவே ஒரு பளிச்சென்ற மஞ்சள், ஒரு யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), ஒரு சிவப்பு, இன்னொரு நீலம். நாற்பத்தெட்டு வண்ணப் பெட்டியை வாங்கினால் பாதி நேரம் எதைத் தொடுவது என்று யோசிப்பதிலேயே போகும்.

கோடு போட்ட பிறகு வண்ணம் தீட்டுவதாக இருந்தால் மை தண்ணீருக்குக் கரையாததா என்று வீட்டிலேயே சோதியுங்கள். ஒரு கோடு போட்டு, சில நிமிடம் காயவிட்டு, ஈரப் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். பிக்மென்ட் மை (நுண்ணிய வண்ணத்துகள் கலந்த மை) என்று போட்ட பேனாக்கள் பொதுவாக நிற்கும். ஃபவுன்டன் பேனாவின் சாதாரண டை மை (சாயம் கரைத்த மை) கலைந்து ஓடும். ஷெல்லாக் (அரக்கு) கலந்த இந்தியன் இங்க்கை ஃபவுன்டன் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள், பேனா அடைத்துக்கொள்ளும். கரையும் மையை வேண்டுமென்றே ஈரப்படுத்தி நிழல் போடுபவர்களும் உண்டு, அது வேறு விளையாட்டு.

மடக்கு ஸ்டூல் வாங்கலாம், ஒரு கிலோவுக்குள். ஈசல் இப்போதைக்கு வேண்டாம். விமானத்தில் போவதென்றால் கைப்பையில் கட்டர் கூடாது. பல விமான நிலையங்களில் 100 மில்லிலிட்டர் திரவ வரம்பு இருக்கிறது, டியூப் வண்ணங்களையும் அதில் சேர்த்துப் பார்ப்பார்கள். பான் வண்ணம் (உலர்ந்த கட்டியாக வரும் வண்ணம்) எடுத்துப் போனால் இந்தக் கேள்வி எழாது.

செலவைக் குறைக்க நண்பர்களே வழி. ஒவ்வொருவரும் வெவ்வேறு பேனா, வெவ்வேறு தாள் கொண்டுவந்து மாற்றிப் பாருங்கள். கடையில் அட்டையைப் படித்து வாங்குவதைவிட, அடுத்தவர் நோட்டின் மூலையில் நாலு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு வாங்குவது நம்பகமானது. கிறுக்கிப் பார்க்கும் அந்தப் பத்து நிமிடமே ஒரு தனிக் கொண்டாட்டம்.

5. அன்றைய நேரக் கணக்கு

மொத்தம் மூன்று மணி நேரம். அதற்கு மேல் வைத்தால் கண் களைத்துவிடும்.

முதல் கால் மணி சேர்வதற்கு. தாமதமாக வருபவருக்காக நிற்காதீர்கள். எங்கே உட்காரப்போகிறீர்கள் என்று செய்தி அனுப்பிவிட்டுத் தொடங்குங்கள். அப்புறம் பத்து நிமிடம் நோட்டைத் திறக்காமல் ஒரு சுற்று நடை. பிறகு எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே காட்சியை, ஐந்து நிமிடத்தில் வரையுங்கள். அலாரம் வைத்து, அடித்ததும் நிறுத்த வேண்டும். ஐந்து நிமிடத்தில் யாராலும் நன்றாக வரைய முடியாது என்பதால் கூச்சம் போய்விடுகிறது. இதைத் தவிர்த்துவிட்டு நேராகப் பெரிய படத்துக்குப் போன நாட்களில் கை இறுக்கமாகவே இருப்பதைக் கவனித்திருக்கிறேன்.

அதன்பிறகு ஒன்றேமுக்கால் மணி நேரம் அவரவர் படம். தனித்தனியாகப் பிரிந்து போகலாம், இரண்டிரண்டு பேராகவும் உட்காரலாம். நான் இரண்டாவதையே சொல்வேன். பக்கத்தில் ஒருவர் வரைந்துகொண்டிருக்கும்போது பேச்சு பாதிப் பாதி வாக்கியமாகத்தான் வரும். யாரும் பதிலுக்கு அவசரப்பட மாட்டார்கள். ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது வராத விஷயங்கள் அப்போது வரும். நடுவில் கால் மணி எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். கடைசி அரை மணியை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள், காரணம் எட்டாம் படியில்.

6. தாளில் முதல் பத்து நிமிடம்

வரையும் முறையைப் பற்றி நான் சொல்லப்போவது கொஞ்சம்தான்.

முதலில் உங்கள் கண்மட்டத்தைக் குறியுங்கள். நேராகப் பார்த்தபடி பென்சிலைக் கண்ணுக்கு நேரே கிடையாகப் பிடித்தால், எதிரே உள்ள கட்டடத்தில் அது எங்கே வெட்டுகிறதோ அதுதான். அதற்கு மேலே உள்ள கிடைக்கோடுகள் தொலைவில் போகப்போகக் கீழிறங்கும், கீழே உள்ளவை மேலேறும். நின்று வரைந்தால், சமதளத்தில் நிற்கும் பெரியவர்களின் தலைகள் தூரத்தில் இருந்தாலும் கிட்டே இருந்தாலும் ஏறக்குறைய அந்தக் கோட்டிலேயே இருக்கும், கால்கள்தான் மேலும் கீழும் போகும். உட்கார்ந்து வரையும்போது தலைகள் அந்தக் கோட்டுக்கு மேலே போகும். பெர்ஸ்பெக்டிவ் (தொலைவைத் தாளில் காட்டும் முறை) பற்றி இவ்வளவு தெரிந்தாலே முதல் நாளைச் சமாளித்துவிடலாம்.

அளக்க, கையை முழுக்க நீட்டி ஒரு கண்ணை மூடிப் பென்சிலால் அளவெடுங்கள். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும்.

நிழல்களின் எல்லையை முதலிலேயே லேசாகக் கோடிட்டுவிடுங்கள். பிறகு சூரியன் எங்கே போனாலும் அந்தக் கோட்டை மாற்றாதீர்கள். நடமாடும் மனிதர்களை ஒருவராக முடிக்க முடியாது. ஒருவரின் தலை, அடுத்து வந்தவரின் தோள், மூன்றாமவரின் பை என்று சேர்த்து ஓர் ஆளை உருவாக்குங்கள்.

“போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டில் முடித்துவிடுகிறேன்” என்று தோன்றும். பெரும்பாலும் அது முடிவதில்லை, முடிந்தாலும் பாதிப் படம் வேறொரு ஆள் வரைந்ததுபோல் இருக்கும். முடியாததை முடியாமலே விடுங்கள்.

7. வேடிக்கை பார்ப்பவர்கள்

வருவார்கள். தனியாக இருந்தால் கூச்சம், நாலு பேராக இருந்தால் பழகிவிடும். பின்னால் சுவர் இருக்கும்படி உட்கார்ந்தால் தோளுக்கு மேல் எட்டிப்பார்ப்பது குறையும். கடிதத்தில் பெயர் கொடுத்த பொறுப்பாளரே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லட்டும், மற்றவர்கள் வரையலாம். குழந்தைகள் வந்தால் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்துவிடுங்கள்.

முகம் அடையாளம் தெரியும்படி யாரையாவது வரைந்தால், அவர் கவனித்துவிட்டால், காட்டுங்கள். வேண்டாம் என்றால் நிறுத்துங்கள். துக்கத்தில் இருப்பவர்களையும் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களையும் வரைய வேண்டாம்.

8. கடைசி அரை மணி

எல்லோரும் குறித்த இடத்துக்கு வந்து, நோட்டுகளைத் திறந்து ஒரு படிக்கட்டிலோ சுவரோரத்திலோ வரிசையாகப் பரப்பி வையுங்கள். யாரும் கையில் பிடித்தபடி காட்டக்கூடாது. கையில் இருந்தால் உடனே மூடிவிடத் தோன்றும்.

“என்னுடையது சரியில்லை” என்று யாராவது தொடங்குவார். அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்காமல் கேள்வி கேளுங்கள்: ஏன் அந்த மூலையைத் தேர்ந்தெடுத்தீர்கள், இந்தப் பச்சை எப்படி வந்தது, இதை எத்தனை நிமிடத்தில் போட்டீர்கள்? பேச்சு சூடு பிடித்துவிடும். ஒருவர் கோபுரத்தை மட்டும் வரைந்திருப்பார், இன்னொருவர் அதே கோபுரத்தை விட்டுவிட்டு அதன் அடியில் தூங்கிய நாயை வரைந்திருப்பார். அடுத்தவர் படத்தைப் பார்த்துவிட்டு, “இது இங்கேயா இருந்தது?” என்று திரும்பிப் பார்ப்பவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள்.

வரிசையைப் போட்டோ எடுங்கள். இணையத்தில் போடும் முன் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். பக்கத்தின் ஓரத்தில் இடம், தேதி, நேரம், வானிலை எழுதிவையுங்கள், கூட வந்தவர்களின் பெயரும் இருக்கட்டும்.

கலைவதற்கு முன், எல்லோரும் அங்கே நிற்கும்போதே அடுத்த தேதியையும், முன்கூட்டிப் போய் இடம் பார்ப்பது யார் என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். வீட்டுக்குப் போய்ச் செய்தி அனுப்பிக்கொள்ளலாம் என்று விட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். அனுமதி தேவைப்படும் இடம் என்றால் கடிதத்துக்கு வேண்டிய மூன்று வாரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.